கல்லும் சொல்லும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. தனக்கு வந்ததைப் பிறர்க்குத் தெரிவிக்க வேண்டுமாயின், அதற்குச் சொல் வேண்டும். சொல் கிடைக்காத வலியை அதைச் சுமப்பவன் மட்டுமே அறிவான். மருத்துவரும் அறியார், மனைவி மக்களும் அறியார். பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், செம்பனைத் தோட்டமொன்றை அடுத்த சிற்றூரில் வாழும் ஒரு குடும்பம், 2024ஆம் ஆண்டில் இவ்வுண்மையைச் சில நாள்களிலேயே கற்றுக்கொண்டது.

குடும்பத் தலைவருக்கு வயது ஐம்பத்திரண்டு. செம்பனைப் பழக்குலைகளைத் தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர் அவர். மனைவி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். மூத்த மகன் ஜொகூர் பாருவில் தொழிற்சாலைப் பணியில் இருக்கிறான். மகள் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவ மாணவி. அறிவியல் பிரிவில் பயில்பவள். இவர்களோடு எண்பது வயதுப் பாட்டியும் உண்டு. குடும்பத் தலைவரின் தாயார்.

ஒரு வியாழக்கிழமை இரவு, உணவுண்டு படுத்தவர் திடீரென எழுந்து அமர்ந்தார். இடப்புற விலாவின் கீழே தோன்றிய வலி, முன்பக்கமாக இறங்கி அடிவயிற்றைக் கவ்விப் பிடித்தது. படுத்தாலும் தணியவில்லை, நின்றாலும் தணியவில்லை. கடலலைபோல் எழுந்து, உச்சத்தை எட்டி, சற்றே ஓய்ந்து, மறுபடியும் எழுந்தது. கனத்த பழக்குலைகளைத் தூக்கிப் பழகிய மனிதர், தலையணையைப் பற்களால் கடித்துக்கொண்டு அறையின் இரு மூலைகளுக்கும் இடையே நடந்தார்.

"வாய்வுப் பிடிப்புதான். விடிந்தால் சரியாகிவிடும்," என்றார்.

நம்மவர் வீடுகளில் பெயர் தெரியாத வலிகளுக்கெல்லாம் வாய்வு என்பதே பொதுப்பெயர். மனைவி தைலம் தேய்த்தார். பூண்டைச் சுட்டுக் கொடுத்தார். பாட்டி மட்டும் மகனின் நடையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், "இது வாய்வு இல்லை. கல்லடைப்பு," என்றார்.

அச்சொல்லை யாரும் பொருட்படுத்தவில்லை. அறிவியல் மாணவியான பேத்திக்கு அது பழங்காலத்து மூடநம்பிக்கைபோல் ஒலித்தது. அவளுடைய பாடநூல்களில் அப்படியொரு சொல் இல்லை. "சும்மா இருங்க பாட்டி, பயமுறுத்தாதீங்க," என்று அவள் சொல்லிவிட்டாள். பாட்டி அதற்குமேல் பேசவில்லை. விடிந்ததும் கொல்லைக்குப் போய், வாழைத்தண்டை வெட்டி வந்து சாறு பிழியத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் வலி சற்றுத் தணிந்திருந்தது. ஆயினும் கழிவறைக்குச் சென்றவர் ஒன்றைக் கண்டார். கண்டதை எவரிடமும் கூறவில்லை. தேயிலைச் சாயம்போல் செந்நிறமாக நீர் போயிற்று. அதை மனைவியிடம் சொல்லவே நாணினார். மகளிடம் எங்ஙனம் சொல்வார்? உடன் வருவதாகச் சொன்ன மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தனியாகவே அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குச் சென்றார்.

அங்கே அவர் மலாய்மொழியில் சொன்னது இரண்டே சொற்கள்: "சாக்கிட் பிங்காங்." இடுப்பு வலி என்பது அதன் பொருள். சிறுநீரகத்துக்கு மலாய்மொழியில் "புவா பிங்காங்" என்று பெயர். புவா என்றால் காய், கனி. இடுப்பின் கனி என்று அம்மொழி அவ்வுறுப்பை அழகாகக் குறிக்கிறது. அந்த ஒரு சொல் விடுபட்டதால், சிறுநீரக நோய் இடுப்பு நோவாக மாறிற்று. எனினும் மருத்துவ உதவியாளர் கடமையில் தவறவில்லை. சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கவே செய்தார். பக்கத்தில் இளம் தாதி ஒருத்தி நின்றாள். மகள் வயதினள். "ஒழுங்காகப் போகிறது," என்று சொல்லிவிட்டார் நம்மவர். நாள் முழுவதும் லாரியில் அமர்ந்திருப்பவருக்கு இடுப்பு வலிப்பது இயல்புதானே! வலி மாத்திரைகளும் தடவுவதற்குக் களிம்பும் கிடைத்தன.

மாத்திரைகள் வலியை மறைத்தன, நோயை மறைக்கவில்லை. சனிக்கிழமை மாலை அவருக்குக் குளிர் கண்டது. மூன்று போர்வைகளைப் போர்த்தியும் பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. உண்டதெல்லாம் வாந்தியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் உடல் நெருப்பாகக் கொதித்தது, பேச்சும் குழறிற்று. அண்டை வீட்டார் தம் வேனை எடுத்தார். தாயும் மகளும் நோயாளியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, வண்டி மாவட்ட மருத்துவமனையை நோக்கி விரைந்தது.

நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நோயின் கடுமைக்கேற்ப வகைப்படுத்துவர். முன்னால் வந்தவருக்கு முதலில் என்பதன்று அங்குள்ள முறை. ஆபத்தில் இருப்பவருக்கே முதலிடம். அவரை மஞ்சள் பகுதிக்குக் கொண்டுசென்றனர். காய்ச்சலை அளந்தனர், இரத்த அழுத்தம் பார்த்தனர், கையில் ஊசி செலுத்தி மருந்துநீர் ஏற்றினர். மலாய்க்காரப் பெண் மருத்துவர் ஒருவர் வந்தார். மிக இளையவர்; இரவெல்லாம் விழித்த களைப்பு கண்களில் தெரிந்தது. நோயாளி குழறுவதையும் தாய் கலங்குவதையும் கண்டு, மகளைப் பார்த்தே கேள்விகளைத் தொடுத்தார். வலி எப்போது தொடங்கியது? எங்கிருந்து எங்கே பரவுகிறது? வாந்தி எத்தனை முறை? அனைத்துக்கும் அவள் தந்தையைக் கேட்டு விடை சொல்லி வந்தாள். அடுத்த கேள்வியில் நின்றுவிட்டாள். சிறுநீரில் இரத்தம் கலந்து போயிற்றா என்பது அக்கேள்வி.

பதினேழு வயதுப் பெண் தன் தந்தையிடம் இதை எந்தச் சொல்லால் கேட்பாள்? வீட்டில் அதற்கு இருந்தவை குழந்தைகளிடம் பேசும் கொச்சைச் சொற்களே. அவற்றை இத்தனை பேர் நடுவே தந்தையிடம் சொல்ல நா எழவில்லை. மருத்துவர் மறுபடியும் கேட்டார். அப்பொழுது, தமிழ்ப்பள்ளியில் பயின்ற நாளில் அறிவியல் பாடத்தில் எழுதிய ஒரு சொல் அவள் நினைவுக்கு வந்தது. மனித உடலின் கழிவுறுப்புகளை வரைந்து பெயர் குறித்த பாடம் அது.

"அப்பா, சிறுநீரில் இரத்தம் கலந்து போனதா என்று டாக்டர் கேட்கிறார்."

அச்சொல்லில் கொச்சை இல்லை, கூச்சமும் இல்லை. பாடநூலில் அச்சிட்ட சொல்; ஆசிரியர் வகுப்பறையில் உரக்கச் சொன்ன சொல். தந்தை கண்களை மூடிக்கொண்டார்.

"ஆமாம்மா. வெள்ளிக்கிழமையிலிருந்தே. மருந்தகத்தில் கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன்."

அந்த விடை இல்லாவிட்டாலும் சோதனைகள் உண்மையைக் காட்டியிருக்கும். ஆனால் அது கிடைத்ததும் மருத்துவரின் நடையில் புதிய வேகம் பிறந்தது. சிறுநீர், இரத்தச் சோதனைகள், ஒலியலைப் படம், வெட்டுமுகக் கதிர்ப்படம் எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. முடிவை அவர் ஒரு தாளில் வரைந்தே காட்டினார். அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்; ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலமே கொண்டது. இடப்பக்கக் குழாயில் 9 மில்லிமீட்டர் அளவுள்ள கல்லொன்று சிக்கியிருந்தது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும், இதுவோ அத்தகையதன்று. வழி அடைபட்டதால் சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருந்தது. தேங்கிய நீரில் கிருமி பெருகிவிட்டது. மதகு அடைபட்ட ஏரியில் நீர் அழுகுவதைப் போன்றது அது.

கல் மட்டும் இருந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம். அடைப்பும் காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் பொறுத்திருக்கக் கூடாது. கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே இடையூறு. ஆகவே உடனடியாகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, தேங்கிய நீர் வடிவதற்கு மெல்லிய குழாயொன்றை உட்செலுத்த வேண்டும் என்றார் மருத்துவர். ஆம்புலன்ஸ் வண்டி அன்று காலையிலேயே புறப்பட்டது.

பெரிய மருத்துவமனையில் சிறுநீரியல் மருத்துவர் ஒருவர் நோயாளியின் கட்டிலருகே நின்று, செய்யப்போவதைப் பொறுமையுடன் விளக்கினார். மயக்க மருந்தால் நேரக்கூடியவை, குழாய் மேலேறாவிட்டால் முதுகின் வழியே துளையிட நேரும் என்பது, கிருமி பரவியிருந்தால் தீவிரச் சிகிச்சைப் பிரிவு தேவைப்படலாம் என்பது, சிறுநீரகம் எந்த அளவுக்குத் தேறும் என்று இப்போது உறுதி கூற இயலாது என்பது ஆகிய அனைத்தையும் சொன்னார். கேட்டு முடித்த மகள், தாயின் முகத்தைப் பார்த்தாள். தந்தையின் முகத்தைப் பார்த்தாள். "ஒன்றுமில்லை அப்பா, சின்னக் குழாய் வைப்பார்கள். சரியாகிவிடும்," என்றாள்.

தந்தை அவள் கையைப் பற்றினார். "அவர் இவ்வளவு நேரம் பேசினார், நீ இரண்டு வார்த்தை சொல்கிறாய். மிச்சத்தையும் சொல்லம்மா."

அவள் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தந்தை இடையில் ஒருமுறை மட்டும், "இன்னொரு சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார், மருத்துவர் ஆம் என்றார். காலையில் மகள் வாயிலிருந்து கேட்ட சொல் இப்போது தந்தையின் வாயிலும் இருந்தது. இசைவுப் படிவத்தை வாங்கி, நடுங்கும் கையால் தம் பெயரைத் தமிழில் எழுதினார்.

பரிவினால் பாதி உண்மையை மறைப்பது மொழிபெயர்ப்பாளருக்கு நேரும் பெருஞ்சோதனை. நோய் அவருடையது, உடல் அவருடையது, அறியும் உரிமையும் அவருடையதே. அதைத் தந்தை உணர்த்தினார், மகள் உணர்ந்தாள்.

குழாய் வைத்த மறுநாளே காய்ச்சல் இறங்கத் தொடங்கிற்று. செய்தி கேட்டு ஜொகூரிலிருந்து வந்த மூத்த மகன், வீட்டிலிருந்த பாட்டியிடம், "அப்பாவுக்குக் கிட்னியில் கல்," என்று தெரிவித்தான். அவன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2003இல். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கிய ஆண்டு அது. அத்திட்டத்தைக் கைவிடுவதாக 2009இல் அரசாங்கம் அறிவித்தது. அதற்குள் அவன் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டிருந்தான். ஆதலின் அவ்வுறுப்புக்கு அவனிடம் இருந்த பெயர் அது ஒன்றுதான். பாட்டி அதைக் கேட்டு அமைதியாகவே இருந்தார். கிட்னி என்பது ஏதோ புதிய நோய். தாம் அஞ்சிய நோய் அன்று என எண்ணிக்கொண்டார். மாலையில் வீடு திரும்பிய பேத்திதான், "பாட்டி, நீங்கள் சொன்னதுதான். கல்லடைப்பு. சிறுநீர் வரும் குழாயைக் கல் அடைத்துக்கொண்டது," என்றாள். அதைக் கேட்டதும் பாட்டி தரையில் அமர்ந்து அழத் தொடங்கினார்.

அன்றுதான் அக்குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் தாத்தாவின் மரணத்தைப் பற்றி முழுமையாக அறிந்தனர். 1976ஆம் ஆண்டு, ரப்பர்த் தோட்டத்து வரிசை வீட்டில், அவரும் இப்படித்தான் மூலைக்கு மூலை நடந்தார். இப்படித்தான் குளிரில் நடுங்கினார். வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கசாயமும் கொடுத்துக் காத்திருந்தார்கள். தோட்டத்து டிரசர் வந்து பார்த்து, பட்டணத்துக்குக் கொண்டுபோகச் சொன்னபோது நாலாம் நாள். வழியிலேயே உயிர் பிரிந்தது. இன்று மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவருக்கு அன்று வயது நான்கு. பாட்டிக்குக் கல்லடைப்பு என்பது நோயின் பெயரன்று, சாவின் பெயர். அதனாலேயே அச்சொல்லை ஒருமுறைக்குமேல் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

கல்லடைப்பு மூதாதையர் அறிந்திருந்த நோய்தான். சித்த மருத்துவம் அதை அப்பெயராலேயே வழங்குகிறது. சிறுநீர்ப்பையில் உண்டாகும் கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சுசுருத சம்கிதை விரித்துரைக்கிறது. ஆயினும் சிறுநீரகக் கல்லை உடலை அறுக்காமலே உடைக்கும் வழி, தாத்தா மறைந்து நான்காண்டுகள் கழித்தே பிறந்தது. 1980ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜெர்மனியின் மியூனிக் நகரில், அதிர்வலைகளை உடலின் வெளியிலிருந்து செலுத்தி ஒரு நோயாளியின் கல்லை முதன்முதலாக உடைத்தனர். இன்று சிறுநீர் செல்லும் வழியாகவே மெல்லிய நோக்குக் கருவியை உட்செலுத்தி, லேசர் ஒளியால் கல்லைப் பொடியாக்கவும் முடிகிறது. தாத்தாவுக்குக் கிட்டாத காலம் தந்தைக்குக் கிட்டியது.

கிருமி முற்றும் ஒழிந்த பின்னரே கல்லை உடைக்க வேண்டும் என்பதால் ஆறு வாரங்கள் கழித்து வரச் சொன்னார்கள். ஐந்தாம் வாரத்தில் அவர் மறுபடியும் லாரி ஓட்டத் தொடங்கிவிட்டார். "வலிதான் போய்விட்டதே! இன்னொரு நாள் சம்பளத்தை ஏன் இழப்பது?" என்றார். மகள் மருத்துவமனை கொடுத்த அட்டையை எடுத்துவந்து காட்டினாள். உள்ளே இருக்கும் குழாய் ஒரு தற்காலிகத் துணையே. எடுக்க மறந்தால் அதன்மீதே உப்புப் படிந்து புதிய கல்லாகிவிடும். மகள் விளக்கினாள், பாட்டி விளக்கவில்லை. "உன் அப்பனுக்கு இந்த நாள் கிடைக்கவில்லை. நீ போய் வா," என்றார். அவர் போனார். லேசர் சிகிச்சை நன்முறையில் முடிந்தது. சிறுநீரகம் தேறிவருவதை இரத்தச் சோதனைகள் காட்டின.

கல்லின் துகள்களைச் சோதித்து, கால்சியம் ஆக்சலேட் என்று கூறினார்கள். பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் அவ்வகையே. நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடையும். செறிந்த நீரில் உப்புகள் படிகமாகும். நாள்தோறும் நீர் கொதிக்கும் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போன்றதே அது. ஆலை வாயிலில் வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் ஓட்டுநர்கள், கழிவறை தொலைவில் இருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது வழக்கம். இருபது ஆண்டுகளாக அவர் அப்படித்தான் இருந்தார். நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பையும் கருவாட்டையும் குறைக்க வேண்டும், எலுமிச்சைச் சாறு நல்லது, கால்சியம் என்ற பெயருக்கு அஞ்சிப் பாலை நிறுத்திவிடக் கூடாது என்றெல்லாம் அறிவுரை கிடைத்தது. இப்போது லாரியில் இரண்டு பெரிய தண்ணீர்ப் புட்டிகள் இருக்கின்றன.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார். நான்காமவரின் பணி கஞ்சி கொடுப்பதும் கால் பிடிப்பதும் மட்டுமன்று. நோயாளியின் சொல்லை மருத்துவரிடமும், மருத்துவரின் சொல்லை நோயாளியிடமும் பழுதின்றிச் சேர்ப்பதும் ஆகும். பல மொழிகள் வழங்கும் நம் நாட்டில் அப்பணி பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளின் தோளில் விழுகிறது. அந்த வீட்டில் அறிவு இல்லாமல் இல்லை. பாட்டியிடம் நோயின் பெயர் இருந்தது. அதை ஆற்றும் வழி இல்லை. பேத்தியிடம் வழி தெரிந்திருந்தது. பாட்டி சொன்ன பெயரை அவள் மதிக்கவில்லை. தந்தையிடம் உண்மை இருந்தது. நாணம் அதை அடைத்து வைத்திருந்தது. மூன்றையும் இணைக்க ஒரு சொல் தேவைப்பட்டது. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியர், அது ஒருநாள் எங்கே பயன்படும் என்று எண்ணியிருக்க மாட்டார்.

சிகிச்சை முடிந்த இரண்டு மாதங்களில், தொடர் பரிசோதனைக்காக அவர் சுகாதார மருந்தகத்துக்குச் சென்றார். மகளுக்குத் தேர்வுக் காலம், தனியாகவே போனார். அவள் ஒரு தாளில் சொற்களை வரிசையாக எழிதிக் கொடுத்திருந்தாள்: சிறுநீரகம், புவா பிங்காங், சிறுநீரகக் கல், பத்து காராங், இரத்தம், டாரா. எல்லாம் தமிழெழுத்தில். அதே இளம் தாதி அங்கே நின்றாள். என்ன நோய் என்று கேட்டார்கள். அவர் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. "புவா பிங்காங்," என்று முழுச்சொல்லையும் உரக்கச் சொன்னார்.